நடு ஆணி

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். காற்று வேறு. மழை வந்தால் ஒரு லாபம், தங்கச் சுரங்கத்துச் சயனைட் மேட்டுத் தூசு வீட்டுக்குள் வராது. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துடைப்பதிலேயே போய்விடும்.

இன்றைக்குள் முடிவு செய்ய வேண்டியது: எந்த சைக்கிள்.

ஆகஸ்டில் ஆஸ்திரியா. கம்பெனி செலவில் இரண்டு வாரம் டிரெய்னிங். நடுவில் வரும் சனி ஞாயிறு ஆல்ப்ஸ் மலையில் மார்ட்டின் கூட்டத்தோடு சைக்கிள். மார்ட்டின் அந்த ஊர் ஃபேக்டரியில் க்வாலிட்டி ஆள். போன வருஷம் பெங்களூர் வந்து என் பக்கத்தில் நின்று சாமான் அளந்தவர். நான் மேட்டில் சைக்கிள் ஓட்டும் போட்டோவைப் பார்த்ததிலிருந்து வா வா என்கிறார். வண்டி அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமாம். வாடகை வண்டியை நம்பி மலையிலிருந்து இறங்க நான் தயாரில்லை. அடுத்தவன் செய்த சாமானில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே.

பார்த்தவை:
1. என் பழைய வண்டி. பின்னால் சஸ்பென்ஷன் இல்லை. மேட்டுக்குச் சரி, மலைக்குப் போனால் இடுப்பு கழன்றுவிடும்.
2. புதுசு. விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.
3. பெங்களூரில் ஒருத்தர் விற்பது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், பெரிய சக்கரம். ஆசைக்கு வாங்கி மொட்டை மாடியில் நிறுத்தி வைத்திருக்கிறார். புது டயரில் முடி முடியாக நிற்குமே, அதுகூட உதிரவில்லை.

மூன்றாவதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “எவ்ளோ எறங்கணும்?” அவளுக்கு ஏறுவது ஒரு கணக்கே இல்லை. ஒரே இறக்கம் ரெண்டாயிரம் மீட்டர் என்றேன்.

“ஒங்கப்பா அத்த விட ஆழம் எறங்கினாரு. டெய்லி.”

உண்மைதான். எங்கள் ஊர் மைன்ஸில் ஆள் இறங்குகிற ஷாஃப்ட் மூன்று கிலோமீட்டர் ஆழம்.

ஜூலை 8, செவ்வாய்

மேகமூட்டம். ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி.

சாயந்தரம் மார்ட்டினோடு வீடியோ கால். பிரேக் பற்றிப் பேச்சு. நடுவில், உன் பின்னால் சுவரில் அது என்ன என்று கேட்டார். பலகை. அவருக்குச் சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன். இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

மைன்ஸ் ஓடின காலத்தில் ஷிஃப்டுக்குப் போகிற ஆள் டைம் ஆபீஸ் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவார். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். மைன்ஸ் மூடினபோது அந்தப் பலகையை உடைத்துப் போட்டார்கள். அம்மா போய்க் கெஞ்சி ஒரு துண்டு வாங்கி வந்தாள். மூன்று ஆணி. மேலே பெயின்டில் 1146, 1147, 1148. நடு ஆணி அப்பாவுடையது. நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது கீழே பாறை வெடித்தது. ‘பர்ஸ்ட்’ என்போம். அந்த லெவல் அப்படியே மூடிக்கொண்டது. ஆளும் வரவில்லை, அவரோடு போன டோக்கனும் வரவில்லை.

இரண்டு பக்கத்து ஆணிக்காரர்களும் ஏறி வந்தவர்கள். அவர்கள் டோக்கன் பலகையிலேயே இருந்தது. 1146ஐ அம்மா வைத்துக்கொண்டாள், 1148 எனக்கு. வீட்டை விட்டு வெளியே போனால் எடுத்துப் போகணும், வந்தால் மாட்டணும். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் சட்டம் அதேதான். நான் காலேஜுக்கும் அதோடு போனேன், வேலைக்கும் அதோடுதான் போகிறேன். நடு ஆணி காலியாகவே இருக்கும். அம்மா அதைத் துடைப்பாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு நினைவுப் பூசை வைக்கலாம் என்று கோயிலில் ஃபாதர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். “வராதவருக்கு இன்னா பூச” என்பாள்.

மார்ட்டின் மூன்று நம்பரையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் இரண்டு சக்கரத்துக்கும் பெரிய பிரேக் டிஸ்க் போடச் சொன்னார்.

ஜூலை 12, சனி

வெயில், அதிசயம்.

வண்டி வந்துவிட்டது. முன் சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்து, மீதியைத் தோளில் மாட்டி, ரயிலின் கடைசிப் பெட்டியில். ஆளுக்கு ஒரு அபிப்பிராயம்.

“இன்னா மேடம், சைக்கிளுக்கு ஷாக் அப்சர்பரா? எலும்பு எங்களுது, ஸ்பிரிங்கு உங்களுதா?”

“பெட்ரோல் எங்க ஊத்துவீங்கோ?”

ராபர்ட்சன்பேட்டையில் பாஷா பாய் கடை. சின்ன வயதிலிருந்து பஞ்சர் போட்டுத் தருபவர். சுற்றிச் சுற்றி வந்தார். “இன்னா சிஸ்டர் இது, சைக்கிளா ஜேசிபியா?”

செய்ய வேண்டியது: பெரிய டிஸ்க். மெட்டல் பிரேக் பேட். பிரேக் ஆயில் மாற்றணும். டயர் பக்கவாட்டில் மெலிசு, கல் கிழித்துவிடும், கனமானது வேண்டும். முன் பல்சக்கரம் சின்னதாக. முதல் இரண்டும் பெங்களூரிலிருந்து வரணும், பாஷா பாயிடம் கிடையாது. “வரட்டும், நம்ம ஆஸ்பத்திரி தெறந்துதான் கீது.”

அம்மா வண்டியைத் தொடவில்லை. வாசலில் நிறுத்தினேன். சீட்டை ஒரு பார்வை பார்த்து, “ஒத்த ஆளுக்கா?” என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் செட்டிங்.

எடை 54. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் காற்று அதற்குத் தகுந்தபடி. ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் ரிங் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கியது என்பதை அந்த ரிங் தள்ளப்பட்டுக் காட்டும், இறங்கின பிறகும் அங்கேயே நிற்கும். எனக்குப் பிடித்துவிட்டது. கால் பங்கில் நின்றது, சரி. சீட் உயரத்துக்குத் தண்டில் சிவப்பு டேப் ஒட்டிக் குறி வைத்தேன்.

மத்தியானம் சயனைட் மேடு. அரைத்துக் கொட்டின மண், நூறு வருஷத்துக் கழிவு, மலை மாதிரி நிற்கிறது. மழை அறுத்த பள்ளம் நெடுக. வண்டி பள்ளத்தை விழுங்கிவிட்டது. எத்தனை சந்தோஷம்! சத்தம் போட்டே சிரித்தேன். ஆடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

ஒரே குறை: இறக்கம் தொடங்கியதும் முடிந்துவிடுகிறது. நீண்ட மலை இறக்கத்தில் டிஸ்க் சூடேறி நீலம் பாய்ந்துவிடும், அந்தச் சூட்டிலும் பிரேக் பிடிக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள் என்கிறார் மார்ட்டின். இங்கே எங்கே போய்ப் பார்ப்பது? நம்ம ஊரில் அத்தனை இறக்கம் பூமிக்குள்தான்.

ஏழு மணிக்கு வீடு. கரன்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, உடம்பு முழுக்க வெள்ளை மண். தடவித் தடவி டோக்கனை மாட்டிவிட்டுக் குளித்தேன். அம்மா படுத்திருந்தாள். நானும்.

ஜூலை 14, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். கை ஆடுகிறது, எழுத்து கோணல்.

விடிகாலையில் எழுந்தால் வீடெல்லாம் கருவாட்டுக் குழம்பு வாசனை. திங்கட்கிழமை, அதுவும் அந்த நேரத்தில். மேசையில் மூன்று தட்டு. அம்மா தலை சீவி, நல்ல புடவை கட்டி, பலகைக்கு முன்னால் நிற்கிறாள்.

என் ஆணி காலி. நடு ஆணியில் டோக்கன். இருட்டில் ஒரு ஆணி தள்ளி மாட்டியிருக்கிறேன்.

“ஐயோ, அது என்னுதும்மா. கரன்ட் இல்லாம மாத்தி மாட்டிட்டேன்.” கையை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கை வெக்காத. ஏறி வந்துட்டாரு.”

“நம்பர பாரும்மா, என் நம்பர் போட்டுக்கீது.”

“ஆணி யாருது?”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை டோக்கன் இல்லாமல் வாசல் தாண்டினேன். கோரமண்டல் ஸ்டேஷன் வரும்வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பழக்க தோஷம்.

ஜூலை 16, புதன்

தூறல். ஆபீஸில் எல்லாம் சரி. வீட்டில் இல்லை.

இரண்டு நாளாக அம்மா என்னிடம் பேசவில்லை. கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்குத் தெரியும், பாத்திரம் உருளும். இது வேறு. நான் இருக்கும் பக்கம் கண் வருகிறது, நிற்காமல் போகிறது. ‘சாப்ட்டியா’ என்று கேட்கவில்லை. அதைக் கேட்காமல் அம்மா ஒரு நாளைக்கூட முடித்ததில்லை.

சாயந்தரம் பக்கத்து வீட்டு மேரியக்கா தயிர் உறை கேட்டு வந்தார். நான் வாசலில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

“பிலோ இன்னிக்கு சீக்கிரம் வந்துடுச்சா?” 

அம்மா: “இன்னும் வரல க்கா.”

“இன்னாது? இதோ வாசல்ல குந்திகினுகீதே கொழந்த.”

“ஆணி காலியா கீதே.”

மேரியக்கா சிரித்தார். திரும்பிப் போகும்போது என் கையை ஒரு தடவை பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். விளையாட்டுக்குப் பிடித்த மாதிரி இல்லை.

அம்மாவுக்கு மூளை கலங்கவில்லை. கேஸ் புக் செய்த நம்பரைப் பார்க்காமல் சொல்கிறாள். ரேஷன் கடையில் அரிசி குறைந்ததைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டிருக்கிறாள். எல்லாம் ஒழுங்கு. மூன்றாவது தட்டு மட்டும்.

ஜூலை 19, சனி

லீவு. வண்டியைத் துடைக்கலாம் என்று எடுத்தேன்.

ரிங் ஃபோர்க்கின் கடைசியில் நிற்கிறது. முழுக்க அமுங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஏறவே இல்லை. என் எடைக்கு மேட்டில் குதித்தால்கூட அந்த இடத்துக்குப் போகாது. சீட்டும் சிவப்புக் குறிக்கு நாலு விரல் மேலே. எனக்குக் கால் எட்டாது.

தெருப் பையன்கள். வேறு யார்? வாசலில் விட்டது என் தப்பு. ரிங்கைக் கீழே தள்ளி, சீட்டைக் குறியில் வைத்து, வண்டியை என் அறைக்குள் கொண்டுவந்து பூட்டினேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

அப்பா எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். போட்டோவில்கூடத் தலை வெட்டுப்பட்டிருக்கும். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ராத்திரி நல்ல மழை. ஒரு சத்தமும் கேட்கவில்லை, நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

எழுந்ததும் பார்த்தேன். ரிங் கடைசியில். சீட் நாலு விரல் மேலே. பூட்டு பூட்டியபடி, சாவி கழுத்தில்.

டயரில் மண். ஈரம். மேட்டு மண் என்றால் வெள்ளை, மாவு மாதிரி இருக்கும். இது கறுப்பு, நடுவில் பொடிப் பொடியாக மினுக்கு. விரலில் தேய்த்தேன். தெரிந்துவிட்டது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் அம்மா சட்டையைக் கல்லில் போட்டுத் தேய்ப்பாள், வாய்க்கால் முழுக்க இந்தக் கறுப்புதான் ஓடும். அதில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். மைன்ஸ் மூடிய பிறகு, இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் மேல்தரையில் இந்த மண் கிடையாது.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

பூசைக்குப் போகவில்லை. மேட்டுக்குப் போனேன், டோக்கன் இல்லாமலேயே. வண்டி அருமையாக ஓடியது. அதுதான் எரிச்சல். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

ஜூலை 26, சனி

காற்று மட்டும். பார்சல் வந்துவிட்டது. ராபர்ட்சன்பேட்டை.

போட்டவை: பெரிய டிஸ்க் இரண்டு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. மெட்டல் பேட். புது ஆயில். கனமான டயர், உள்ளே டியூபுக்குப் பதில் பஞ்சர் அடைக்கும் பால். பாஷா பாய் பிரேக்கை அழுத்திப் பார்த்து, “சிஸ்டர், இது ரயிலையே நிறுத்தும். நீங்கதான் முன்னாடி பறந்துடுவீங்கோ.”

ஒருவர் என்னைப் பார்த்துப் பேசினதே பெரிய நிம்மதி. வேண்டுமென்றே ஒரு டீ சாப்பிட்டு நேரம் கடத்தினேன்.

கடையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன், ஓட்டவில்லை. அறைக்குள் வைத்துப் பூட்டினேன். டிஸ்கைப் போட்டோ எடுத்து வைத்தேன். அளப்பவளுக்கு ஆதாரம் வேணும்.

ஜூலை 27, ஞாயிறு

டிஸ்க் நீலம்.

இரண்டும். ஓரத்தில் ஊதா, நடுவில் மயில் கழுத்து நிறம். தொட்டேன், இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. ஜன்னல் திறந்த அறை, ஜூலைக் குளிர், இரும்பு எப்படிச் சூடாக இருக்கும்?

நேற்றைய போட்டோவையும் இன்றைய போட்டோவையும் மார்ட்டினுக்கு அனுப்பினேன். ஒன்றும் விளக்கவில்லை. உடனே பதில்: “எந்த மலை? நிற்காமல் ரெண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் இறங்கினால்தான் இப்படி ஆகும். உங்கள் ஊரில் மலை இல்லை என்றாயே?”

லீவு நாளிலும் பாஷா பாயைக் கடை திறக்க வைத்தேன். பேடைக் கழற்றினார். பாதி தேய்ந்திருக்கிறது. நேற்று அவர் கையால் போட்ட பேட். “இன்னா சிஸ்டர், எங்க போய் வந்தீங்க?” நான் போகவில்லை என்றேன். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பார்சலில் உபரியாக வந்திருந்த பேடை மாட்டிக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கடைக்குள் வைக்காமல் வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். காசு வாங்கவில்லை.

ஆக, சோதனை முடிந்தது. சூடு ஏறியும் பிரேக் தாங்கியிருக்கிறது. ஆபீஸாக இருந்தால் பாஸ் என்று சீல் குத்துவேன். சோதித்தவர் யார் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் என்ன எழுதுவது?

ஆகஸ்ட் 2, சனி

தூறல். கிளம்ப இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

அம்மா சாயந்தரம் ஜெபமாலைக்குப் போனாள். 1146ஐ எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, வெளியே தாழ் போட்டு. உள்ளே ஆள் இல்லாத வீட்டைப் பூட்டுவது மாதிரி. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். என் டோக்கன், என் நம்பர், எடுத்து என் ஆணியில் மாட்டினால் முடிந்தது. விரல் பட்டது. சுவர் சில்லென்று, டோக்கன் சூடு. ஆள் உடம்புச் சூடு. கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன்.

தாழ் விலகும் சத்தம். அம்மா வாசலில். இத்தனை நாளில் முதல் தடவை நேராக என்னைப் பார்த்தாள்.

“எடு. எடுத்தின்னா அவரு திரும்பி எறங்கணும். உன் கையாலயே அனுப்பு.”

“அப்ப நானு? உசுரோட முன்னால நிக்கிறேன், சாப்ட்டியான்னு ஒரு வார்த்த இல்ல. நான் யாரும்மா ஒனக்கு?”

“உன் ஆணி காலிடி. நீ இன்னும் மேட்டுலேர்ந்தே வரல. ஏறி வராதவள மறுபடி எறக்கி விட எனக்கு தெம்பு இல்ல. அந்த மலைக்கு போவாத.”

இதுதான் விஷயம். டோக்கன் ஒன்று, ஆணி இரண்டு. என் ஆணிக்கு வந்தால் அவர் கீழே போகணும். அவர் ஆணியிலேயே இருந்தால் நான் எண்ணிக்கையிலேயே இல்லை, அப்படியே போய் மலையிலிருந்து இறங்கணும். டோக்கன் இல்லாமல் இறங்கினவர்களைத் தேட யாரும் போகமாட்டார்கள். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது தெரியும். மார்ட்டினிடம் இதைச் சொல்லி ஒத்திப்போடு என்று கேட்க முடியுமா?

அப்பா மேல் கோபம் கோபமாக வருகிறது. எட்டு வயதில் விட்டுப் போனார். வந்ததும் வராததுமாக என் இடத்தை எடுத்துக்கொண்டார்.

ஆனால் எடுக்கவில்லை. இறங்கிவிட்டேன். காரணம் இதுதான்: எனக்கு நினைவு தெரிந்து அம்மா பாதி ராத்திரிக்கு மேல்தான் தூங்குவாள், காது வாசலில் இருக்கும். இந்த மூன்று வாரமாக எட்டு மணிக்குப் படுத்து, வாய் திறந்து குறட்டை விடுகிறாள். முகத்தில் சதை போட்டிருக்கிறது. அதை நான் எப்படிப் பிடுங்குவேன்?

டோக்கன் இல்லாமல் போகிறேன். முடிவு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். பேக்கிங்.

அட்டைப் பெட்டி பெங்களூர் கடையிலிருந்து. பெடல் கழற்றினேன் (இடது பக்கம் தலைகீழாகத் திருகணும், மறந்து பத்து நிமிஷம் மல்லுக்கட்டினேன்). ஹேண்டில்பார் திருப்பிக் கட்டியாச்சு. சீட் தனியாக. டயரில் பாதிக் காற்று. டிஸ்க் நசுங்காமல் நடுவில் அட்டை. ஒவ்வொன்றாக வைத்து, போட்டோ எடுத்து, மூடினேன். ஆபீஸ் டேப் ஒட்டி மடிப்பின் மேல் கையெழுத்து. யார் பிரித்தாலும் தெரியும்.

ரிங் கடந்த ஒரு வாரமாக நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சீட்டும் குறியில். அது நல்லதா கெட்டதா?

கார் வந்தது. அம்மா பலகைக்குக் கீழே உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “போயிட்டு வரேம்மா.” அவள் கண் என் ஆணிக்குப் போனது, கீழே வந்தது. கல் பொறுக்கினாள். காரில் அழுதேன், டிரைவர் ரேடியோவைக் குறைத்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆஸ்திரியா. குளிர் என்று சொல்ல முடியாது, ஆனால் ஸ்வெட்டர். டிரெய்னிங் சுலபம். ரொட்டி, ரொட்டி, ரொட்டி. வண்டிப் பெட்டி மார்ட்டின் வீட்டு ஷெட்டில், பிரிக்கவில்லை.

அம்மாவுக்கு போன்.

“யாரு?”

“நான்தாம்மா, பிலோ.”

“பிலோ இன்னும் வரல. வந்தா சொல்றேன்.” வைத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே மலை. மேலே இன்னும் வெள்ளை. பனியாம். எனக்கு மேட்டு மண் மாதிரிதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா பண்டிகை. இங்கேயும் லீவு. மத்தியானமே மலையடிவாரத்துக்கு வந்துவிட்டோம். மார்ட்டின், அவர் நண்பர்கள் இரண்டு பேர், நான். நாளைக் காலை லிஃப்டில் உச்சிக்கு. அங்கிருந்து ஒரே இறக்கம். லிஃப்டைப் பார்த்தேன். கம்பியில் தொங்கும் கூண்டு. மைன்ஸில் ஆளை இறக்குகிற கேஜ் என்று வாயில் வந்துவிட்டது.

லாட்ஜ் பின்பக்கம் ஷெட்டில் பெட்டியைப் பிரித்தேன். டேப் அறுபடவில்லை, கையெழுத்து முழுசாக இருக்கிறது. மார்ட்டினையும் பார்க்கச் சொன்னேன், “உன் கையெழுத்துதான்” என்றார்.

ஹேண்டில்பார் நடுவில் டோக்கன். மைன்ஸில் வெடி வைக்கிற ஒயரால் கட்டியிருக்கிறது, எங்கள் வீடுகளில் கூடை பின்னுவார்களே, அந்த ஒயர்.

மனசு உடைந்துவிட்டது. அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பாவை மறுபடி கீழே அனுப்பிவிட்டு, நான் பார்க்காதபோது எனக்குக் கட்டிவிட்டிருக்கிறாள். ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன். மார்ட்டின் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார், நல்ல மனுஷர்.

அப்புறம்தான் அந்த டேப் ஞாபகம் வந்தது. நான் வைத்து, நான் மூடி, நான் ஒட்டின பெட்டி. டோக்கனைத் திருப்பினேன். நம்பர் பள்ளத்தில் கறுப்பு மண், மினுக்கு. கட்டைவிரலால் துடைத்தேன்.

1147.

வீடியோ கால். மேரியக்காதான் எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அவள் பேசும் முன்னே நான் கத்தினேன். “பலகைய காட்டும்மா.”

காட்டினாள். நடு ஆணியில் என் டோக்கன், 1148, அப்படியே. “நான் தொடல. யாரும் தொடல. இன்னாத்துக்கு கத்துற?”

கையில் இருந்ததை போனுக்குக் காட்டினேன். வெளிச்சம் போதவில்லை போல. கண்ணைச் சுருக்கினாள்.

“நம்பர் சொல்லு.”

சொன்னேன்.

“இன்னொருவாட்டி சொல்லு.”

“ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழும்மா.”

போனைத் திருப்பினாள், பலகை தெரிந்தது, கூரை தெரிந்தது, மறுபடி அவள் முகம். என்னைத்தான் பார்த்தாள். இது என் அம்மா பார்க்கிற பார்வை.

“அவரு டோக்கன ஒனக்கு குடுத்துட்டாரு. தொலைக்காத. எடுத்துனு வந்து உன் ஆணியில நீயே மாட்டு. கேட்டியா? வேற யாரும் இல்ல. நீயே.”

“சரிம்மா.”

“சாப்ட்டியாடி?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“போய் சாப்டு மொதல்ல. காலையில எறங்கணும் இல்ல.”

வண்டிப் பாகமெல்லாம் சேர்த்துப் பூட்டியாச்சு. சீட் குறியில். டயரில் காற்று சரி. பிரேக் இரண்டும் பிடிக்கிறது.

நாளைக்கு எடுத்துக்க வேண்டியது: தண்ணி, பம்ப், ஒரு டியூப், மழைக்கோட்டு, ரொட்டி, டோக்கன்.

டோக்கன் இன்னும் சூடு ஆறவில்லை.